கியர் ஆயிலின் நாற்றம்: எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது

நான்கு சக்கர இயக்கம் கொண்ட உங்கள் வண்டியில் முன் டிஃபரென்ஷியல், பின் டிஃபரென்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பற்சக்கரத் தொகுதிகள்), கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர் பெட்டியின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்தனுப்பும் பெட்டி) ஆகிய நான்கிலும் ஒரே நாளில் ஆயில் மாற்றியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து கையிலும் வண்டி நிற்கும் அறையிலும் அந்த வாடை போகவில்லை. செங்குத்தான ஏற்றத்தில் போகும்போது வண்டிக்குள்ளேயே வீசுகிறது, கூட வருபவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நாற்றம் குறைந்த கியர் ஆயில் எது, சிந்தெடிக் வாங்கினால் தீருமா, டிஃபரென்ஷியலுக்கும் ஜிஎல்-4 (ஜிஎல்-5ஐவிட ஒரு படி குறைந்த பாதுகாப்புத் தரம்) ஊற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதில் தவறினால் வண்டியே போய்விடும். டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்-5 என்று கையேடு சொல்லியிருந்தால் ஜிஎல்-5தான். நாற்றத்துக்காக அங்கே ஒரு படி இறங்காதீர்கள். மற்ற இரண்டு பெட்டிகளில் உங்களுக்கு வழி இருக்கலாம். வண்டிக்குள் வரும் வாடையைப் பொறுத்தவரை, ஆயிலை மாற்றாமலேயே அதை நிறுத்திவிட முடியும் என்று நம்புகிறேன்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மற்றவை எளிதாக விளங்கும். அடிப்படை எண்ணெய்க்கு, கனிம எண்ணெயாக இருந்தாலும் சிந்தெடிக்காக இருந்தாலும், சொல்லிக்கொள்ளும்படியான வாடை கிடையாது. அதில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்கள்தாம் மூக்கைத் துளைக்கின்றன. ஐசோபியூட்டிலீன் போன்ற பொருள்களோடு கந்தகத்தை இணைத்து இவற்றைத் தயாரிக்கிறார்கள். தயாரிப்பின்போது முழுவதும் வினைபுரியாமல் தங்கிவிடும் மிச்சங்களும், பிறகு ஆயில் சூடேறும்போது உடைந்து வெளியேறும் துணுக்குகளும் மெர்காப்டன் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. சமையல் எரிவாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்று அதில் வேண்டுமென்றே சேர்க்கப்படுவதும் இதே குடும்பத்துப் பொருள்தான். எத்தில் மெர்காப்டன் நூறு கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். ஒரு சொட்டு சட்டையில் பட்டால் வீடு முழுக்கத் தெரிவது இதனால்தான். ஓர் எச்சரிக்கையும் இங்கேயே: எரிவாயு உருளையோ குழாயோ அருகில் இருக்கும் அறையில் வண்டியை நிறுத்துகிறீர்கள் என்றால், வரும் வாடை கியர் ஆயில்தான் என்று நீங்களாக முடிவுகட்டாமல் முதலில் எரிவாயுவைச் சரிபாருங்கள். இரண்டு வாடையும் குழப்பும் அளவுக்கு நெருக்கமானவை.

இவ்வளவு நாறும் பொருளை ஏன் சேர்க்கிறார்கள்? டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரத்தையும் அதைச் சுழற்றும் பினியன் என்ற சிறிய பற்சக்கரத்தையும் பாருங்கள். பெரும்பாலான ஆக்சில்களில் (டிஃபரென்ஷியலும் சக்கர அச்சுகளும் அடங்கிய கூடு) அவை ஹைப்பாய்டு வகை. பினியனின் அச்சு கிரவுனின் அச்சை வெட்டாமல் சற்று விலகிக் கீழேயோ மேலேயோ ஓடும். அதனால் பல்லின்மேல் பல் உருள்வதோடு நிற்காமல் நீளவாக்கில் வழுக்கவும் செய்கிறது. வெறும் உருளலில் ஆயில் படலம் நடுவில் நின்று தாங்கிவிடும். இந்த வழுக்கலும் அழுத்தமும் சேர்ந்தால் படலம் துடைத்தெறியப்படுகிறது. இரும்பும் இரும்பும் தொடும் அந்தக் கணத்தில் அந்தப் புள்ளி கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டில்தான் கந்தகம் இரும்போடு வினைபுரிந்து மெல்லிய இரும்பு சல்ஃபைடு பூச்சை உண்டாக்குகிறது. அந்தப் பூச்சு தான் தேய்ந்து பல்லைத் தேயாமல் காக்கிறது. உடன் இருக்கும் பாஸ்பரஸ் சேர்மங்கள் அவ்வளவு சூடில்லாத இடங்களைக் கவனித்துக்கொள்கின்றன.

நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டியைவிடக் காட்டுப்பாதையில் ஓடும் வண்டிக்கு இந்தப் பூச்சு அதிகம் தேவை. லோ ரேஞ்சில் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் நிலை) முதல் கியரில் பாறை ஏறும்போது பற்கள் மெதுவாகச் சுழல்கின்றன, சுமையோ பல மடங்கு. வேகம் குறைந்தால் ஆயில் படலமும் மெலியும். அந்தரத்தில் சுழன்றுகொண்டிருந்த சக்கரம் திடீரென்று தரையைப் பிடிக்கும்போது பினியனில் சம்மட்டி அடி போல ஒரு அதிர்ச்சி விழுகிறது. ஜிஎல்-5 தகுதிக்கான சோதனைகளில் எல்-37 என்பது குறைந்த வேகத்தில் கடும் முறுக்குவிசை, எல்-42 என்பது அதிர்ச்சிச் சுமை. எல்-33 ஈரம் புகுந்த ஆக்சில் துருப்பிடிக்கிறதா என்று பார்ப்பது. இந்த மூன்றும் உங்கள் வண்டி ஒரே நாளில் சந்திக்கக்கூடியவை. ஜிஎல்-4 ஆயிலில் பொதுவாக ஜிஎல்-5இல் உள்ளதில் பாதியளவு கந்தகச் சேர்மம்தான் இருக்கும். நாற்றம் குறைவாக இருப்பதும் பாதுகாப்பு குறைவாக இருப்பதும் அங்கே ஒரே காரணத்தால்தான்.

கியர் பெட்டியின் கதை வேறு. அங்கே பற்கள் ஹைப்பாய்டு அல்ல, வழுக்கல் குறைவு. அதோடு, கியர் மாறும்போது பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருக்கின்றன. வீரியமான கந்தகம் செம்பு கலந்த உலோகங்களைக் கறுக்கச் செய்து அரிக்கும். வளையத்துக்குத் தேவையான உராய்வையும் அது கெடுக்கிறது, கியர் மாறும்போது உறுத்துகிறது. அதனால்தான் பல கையேடுகள் கியர் பெட்டிக்கு ஜிஎல்-4 கேட்கின்றன. சில ஜிஎல்-3, சில கியர் பெட்டிக்கென்றே தயாரித்த மெல்லிய ஆயில், இன்னும் சில ஏடிஎஃப் (தானியங்கி கியர் பெட்டிகளுக்கான மெல்லிய திரவம்) கேட்கின்றன. நான்கு இடத்துக்கும் ஒரே ஜிஎல்-5 டின்னை வாங்கி ஊற்றியிருந்தீர்கள் என்றால் தேவையில்லாத இடங்களிலும் நாற்றத்தை நிரப்பியிருக்கிறீர்கள். கையேட்டை எடுத்து ஒவ்வொரு பெட்டிக்கும் எழுதியிருப்பதைத் தனித்தனியாகப் படியுங்கள். சங்கிலியில் இயங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் பலவும் ஏடிஎஃப் மட்டுமே கேட்பவை. அதில் கெட்டியான கியர் ஆயிலை ஊற்றுவது நாற்றத்தைவிடப் பெரிய பிழை. பற்சக்கரங்களால் மட்டும் இயங்குபவை பெரும்பாலும் கியர் ஆயில் வகை. ஏடிஎஃப் அநேகமாக நாறவே நாறாது. ஆகவே கையேடு அனுமதிக்கும் பட்சத்தில் நான்கில் இரண்டு பெட்டிகளின் வாடை இந்த ஒரு திருத்தத்திலேயே பெரிதும் குறைந்துவிடும். வண்டியின் தரைக்கு நேர் கீழே, உங்கள் காலுக்கு அருகில் இருப்பவையும் இந்த இரண்டுதான்.

‘ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டுக்கும் ஏற்றது’ என்று போட்டிருக்கும் குப்பிகளைப் பற்றியும் கேட்பார்கள். பெரும்பாலானவை அடிப்படையில் ஜிஎல்-5தான், செம்பைக் காக்கும் தடுப்பான் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். நாற்றத்தில் அவை ஜிஎல்-5 பக்கமே நிற்கும்.

இனி டிஃபரென்ஷியலுக்கு வருவோம். ஜிஎல்-5க்குள்ளேயே நாற்றம் கூடியதும் குறைந்ததும் இருக்கிறதா என்றால் இருக்கிறது, வித்தியாசம் கணிசமானது. கந்தகச் சேர்மத்தை எப்படித் தயாரித்தார்கள், மிச்ச மெர்காப்டனை எவ்வளவு நீக்கினார்கள், சூட்டில் எளிதில் உடையாத அமைப்பைத் தேர்ந்தெடுத்தார்களா என்பவற்றைப் பொறுத்தது அது. இந்த நீக்கும் வேலைக்குச் செலவு ஆகும். விலை குறைந்த ஆயில்கள் அதிகம் நாறுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சிந்தெடிக் என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது அடிப்படை எண்ணெயைப் பற்றிய சொல், சேர்மத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மூச்சு முட்டும்படி நாறும் சிந்தெடிக்கும் உண்டு. ஆனால் மறைமுகமாக ஒரு நன்மை இருக்கிறது. நல்ல சிந்தெடிக் ஆயிலில் உள்ளே கடைவதால் உண்டாகும் சூடு சற்றுக் குறையும், சூட்டில் அது ஆவியாவதும் குறைவு. சூடு குறைந்தால் கந்தகம் உடைவது குறையும், வெளியே வரும் வாடையும் குறையும்.

கெட்டியான ஆயில் குறைவாக நாறும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. குப்பியில் 75டபிள்யூ-90 என்று எழுதியிருப்பதில் 90 என்ற எண், 100 டிகிரி செல்சியஸில் பாகுநிலை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. 75டபிள்யூ என்பது கடும் குளிரிலும், மைனஸ் 40 டிகிரி வரை, ஆயில் ஓடுமா என்பதைச் சொல்கிறது. இரண்டுக்கும் கந்தகத்தோடு தொடர்பில்லை. 140க்குப் போனால் கடையும்போது சூடு கூடுமே தவிர நாற்றம் குறையாது. பாரம் இழுப்பதற்காகக் கையேடு 140 கேட்டால் ஊற்றுங்கள், வாடைக்காக வேண்டாம்.

வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? குப்பியின் முகப்பில் எழுதியிருப்பது பெரிதும் உதவாது. அந்த ஆயிலின் பாதுகாப்புத் தகவல் தாளைத் தேடி எடுத்து 9வது பிரிவைப் பாருங்கள். இயற்பியல், வேதியியல் பண்புகள் என்று தலைப்பிட்ட அந்தப் பிரிவில் வாடை என்று ஒரு வரி இருக்கும். சிலர் ‘லேசான பெட்ரோலிய வாடை’ என்பார்கள், சிலர் ‘கந்தக வாடை’ என்றே எழுதிவிடுவார்கள். தயாரிப்பாளரே எழுதுவதால் இதை ஒரு முதல் வடிகட்டலாக மட்டும் வையுங்கள். அடுத்ததாக, குப்பியை முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். குளிர்ந்த ஆயில் அடக்கமாகத்தான் இருக்கும். நான் செய்வது இது: இரண்டு மூன்று ஆயில்களில் ஒவ்வொரு கரண்டி எடுத்து, மூடியுள்ள சிறு உலோக டப்பாக்களில் ஊற்றி, சூடான நீர் நிறைந்த பாத்திரத்தில் அரை மணி நேரம் நிறுத்திவைப்பேன். பிறகு திறந்தவெளியில் ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து, கையால் காற்றை மூக்குப் பக்கம் விசிறிப் பார்ப்பேன். அறைச் சூட்டில் ஒன்றுபோலத் தெரிந்தவை அப்போது தெளிவாகப் பிரிந்துவிடும். நறுமணம் கலந்த ஆயில்களும் சந்தையில் இருக்கின்றன. சூடேறியதும் வாசனையின் அடியில் கந்தகம் எழுந்துவிடும், இந்தச் சோதனையில் அதுவும் வெளிப்படும்.

நாற்றம் குறைவு என்பதை மட்டும் பார்த்து, பெயர் தெரியாத ஆயிலை வாங்குவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. என்ஜின் ஆயிலுக்கு இருப்பதுபோல் கியர் ஆயிலுக்கு ஏபிஐ (ஜிஎல் தரங்களை வகுத்த அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) உரிமம் வழங்குவதில்லை. ஜிஎல்-5 என்று குப்பியில் அச்சிடுவது தயாரிப்பாளரின் சொந்தக் கூற்று. கந்தகத்தையே குறைத்துவிட்டு ஜிஎல்-5 என்று எழுதினால் உங்களுக்கு எப்படித் தெரியும்? எஸ்ஏஇ ஜே2360 என்ற தகுதிக்கு ஒப்புதல் பெற்றது என்று தெளிவாகச் சொல்லியிருக்கும் ஆயிலைத் தேடுங்கள். பழைய ராணுவத் தரக்குறிப்பிலிருந்து வந்த அது, ஜிஎல்-5 சோதனைகளைவிடக் கூடுதலாகக் கேட்பது, வெளி ஆய்வாளர்களின் ஒப்புதலும் அதற்குத் தேவை. ‘பூர்த்தி செய்கிறது’ என்ற சொல்லுக்கும் ‘ஒப்புதல் பெற்றது’ என்ற சொல்லுக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள்.

கந்தகத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் போரேட்டின் நுண்துகள்களைக் கொண்ட ஆயில் வகையும் ஒன்று உண்டு. வாடை மிகக் குறைவு, பித்தளைக்கும் தீங்கில்லை, பல்லுக்கும் நல்ல பாதுகாப்பு. படித்தவுடன் இதுதான் நமக்கு வேண்டியது என்று தோன்றும். ஆனால் போரேட் தண்ணீரில் கரையும். ஆக்சிலுக்குள் நீர் புகுந்தால் அந்தப் பாதுகாப்பு ஆயிலைவிட்டுப் பிரிந்து படிகமாகப் படிந்துவிடுகிறது. ஓடையைக் கடக்கும் வண்டிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகவும் மூச்சுத் துளை வழியாகவும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். காட்டுப்பாதை வண்டியில் அது என்றாவது நடந்தே தீரும்.

உங்கள் பின் டிஃபரென்ஷியல் கிளட்ச் தட்டுகள் கொண்ட லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும்) வகையா என்று பாருங்கள். அப்படியென்றால் உராய்வைச் சீராக்கும் ஒரு திரவமும் அதற்குத் தேவை. சிறு குப்பியில் தனியாகவும் கிடைக்கும், சில ஆயில்களில் முன்பே கலந்தும் இருக்கும். தனிக்குப்பித் திரவத்தின் வாடை கியர் ஆயிலையே தோற்கடிக்கக்கூடியது. முன்பே கலந்த ஆயிலை வாங்கினால் அந்தக் குப்பியைத் திறக்கும் வேலை மிச்சம். முன்பே கலந்ததில் மேலும் ஒரு குப்பியை ஊற்றாதீர்கள். சாதாரண டிஃபரென்ஷியலாகவோ இரு சக்கரங்களையும் சேர்த்து முழுதும் பூட்டும் லாக்கராகவோ இருந்தால் அந்தத் திரவமே தேவையில்லை.

இவ்வளவும் ஆயிலைப் பற்றி. ஏற்றத்தில் வண்டிக்குள் வாடை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, என்னை அதிகம் கவனிக்கவைத்தது அந்த வரிதான். மூடிய இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் ஆயில் எவ்வளவு நாறினாலும் உங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிகிறது என்றால் ஆவியாகவோ துளியாகவோ வெளியே வருகிறது. எந்த வழியாக வருகிறது என்று தேட வேண்டும்.

முதல் சந்தேகம் பிரீதர், அதாவது ஆக்சிலின் மூச்சுத் துளை. ஆக்சில் சூடேறும்போது உள்ளே காற்று விரியும், விரிந்த காற்று அந்தத் துளை வழியே ஆயில் ஆவியோடு வெளியேறும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது ஆக்சிலின் மேலேயே, அடிவயிற்றுக் காற்றில் கலந்துபோகும் இடத்தில் இருக்கும். நீரில் இறங்கும் வண்டிகளுக்கு நாம் என்ன செய்கிறோம்? குழாய் போட்டு உயரத்தில், என்ஜின் அறையின் பின்சுவரில் கொண்டுபோய்க் கட்டுகிறோம். நானும் அப்படித்தான் கட்டினேன். நான்கு குழாய்களும் ஒழுங்காக ஒரே இடத்தில் முடிந்தன, பார்க்க அழகாக இருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, முன்கண்ணாடியின் அடியில், வண்டிக்குள் காற்றை இழுக்கும் வாய் இருந்தது. ஒவ்வொரு ஏற்றத்திலும் நான்கு பெட்டிகளின் மூச்சையும் என் குடும்பம் சுவாசித்துக்கொண்டிருந்தது. ஆயிலைத்தான் குறை சொன்னேன், இரண்டு முறை மாற்றவும் செய்தேன். குழாய்முனைகளைச் சக்கர வளைவின் மேற்புறத்துக்கு நகர்த்திய நாளோடு வாடை நின்றது. உங்கள் வண்டியில் குழாய் நீட்டப்பட்டிருந்தால் அது எங்கே முடிகிறது என்று இன்றே பாருங்கள். உயரம் வேண்டும், ஆனால் காற்று வாயிலிருந்து விலகியிருக்க வேண்டும். வாடைக்குப் பயந்து துளையை அடைத்துவிடாதீர்கள். அழுத்தம் போக வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியேறும்.

காற்றழுத்தத்தால் பூட்டும் லாக்கர் போட்டிருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. உள்ளே சீல் தேய்ந்தால், பூட்டை விடுவிக்கும்போது திரும்பி வரும் காற்று ஆயிலையும் இழுத்துவந்து சொலினாய்டு எனும் மின் வால்வின் வெளியேற்றுத் துளையில் துப்பும். சொலினாய்டு பெரும்பாலும் என்ஜின் அறையில் கம்ப்ரசர் பக்கத்திலோ இருக்கைக்கு அடியிலோ இருக்கும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது.

அடுத்து ஆயில் அளவு. நிரப்பும் துளையின் விளிம்புவரைதான் பெரும்பாலான ஆக்சில்களுக்குக் கணக்கு, அதுவும் வண்டி சமதளத்தில் நிற்கும்போது. சரிவில் நிறுத்தி நிரப்பியிருந்தால் அளவு கூடியிருக்கலாம். கூடுதல் ஆயில் நுரைத்துச் சூடேறிப் பிரீதர் வழியாக வெளியே வரும். சமதளத்தில் துளையைத் திறந்து, வழிவதை வழியவிட்டு மூடுங்கள்.

கசிவுகளில் நான் அதிகம் பார்த்தது டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளிச் சீலில்தான். அங்கிருந்து சொட்டுவது புகைக்குழாயின்மேல் விழுந்து கருகும். ஏற்றத்தில் குழாய் சூடேறியதும் வாடை எழும். புகைக்குழாயில் பழுப்பான கறையைத் தேடுங்கள். கியர் கம்பிகள் தரையைத் துளைத்து வரும் இடத்தில் உள்ள ரப்பர் உறைகளையும் பாருங்கள். கிழிந்திருந்தால் அடியில் இருக்கும் வாடை முழுவதும் அந்த ஓட்டை வழியாகத்தான் ஏறுகிறது. ஒரு புதிய உறையின் விலை ஒரு லிட்டர் நல்ல ஆயிலின் விலைக்கு வராது. முன் ஆக்சிலில் மூடிய உருண்டை மூட்டு இருந்தால், உள் சீல் போனதும் கியர் ஆயில் அங்குள்ள கிரீஸோடு கலந்து கூழாகி வெளியே பூசிக்கொள்ளும். அதன் நாற்றம் தனி ரகம்.

கைக்கும் அறைக்கும் வருகிறேன். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் போதும். நெடும்பயணம் முடிந்து கொதிக்கக் கொதிக்க வடித்தால் வாடையும் பல மடங்கு, கையும் வேகும். நிரப்பும் மூடி கழல்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் மூடியைத் தொடுங்கள், இல்லாவிட்டால் காலி ஆக்சிலோடு நிற்க நேரிடும். நைட்ரைல் கையுறை அணியுங்கள், அது இருந்தால் கை நாற்றம் என்ற பேச்சே இல்லை. வடிக்கும் தட்டைத் திறந்தபடி இரவு முழுக்க வைக்காமல் உடனே மூடியுள்ள டின்னுக்கு மாற்றிப் பழைய ஆயில் சேகரிப்பிடத்தில் கொடுத்துவிடுங்கள். சிந்தியதன்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது பரவும். களிமண் துகள் அல்லது மரத்தூளைத் தூவி மிதித்து உறிஞ்சவிட்டு அள்ளிய பிறகு கெட்டியான சோப்புக் கரைசலால் தேய்த்துக் கழுவுங்கள். பட்ட துணியை மற்றத் துணிகளோடு துவைக்க வேண்டாம். வண்டியின் பின்பகுதியில் அவசரத்துக்கென்று பாதிக் குப்பி கியர் ஆயில் வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். வெயிலில் குப்பி உப்பி மூடியோரம் கசிந்து விரிப்பில் இறங்கியிருந்தால், மேலே சொன்ன எதைச் செய்தாலும் வாடை நிற்காது.

வாடையின் குணம் மாறினால் மட்டும் அலட்சியம் வேண்டாம். புதிய ஆயிலின் காரமான கந்தக நெடி இயல்பானது, சில நூறு கிலோமீட்டரில் அடங்கும். கருகிய வாடையும் கறுத்த ஆயிலும் சேர்ந்து வந்தால் பேரிங்கோ பல்லோ அளவுக்கு மீறிச் சூடேறுகிறது. ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது, அது எந்த ஆயிலாக இருந்தாலும் அன்றே மாற்ற வேண்டும்.

இப்போதைக்கு டிஃபரென்ஷியல் ஆயில்களைத் தொடாதீர்கள். பிரீதர் குழாய்களின் முனை, கியர் கம்பி உறைகள், ஆயில் அளவு ஆகிய மூன்றையும் இந்த வரிசையில் பார்த்துவிட்டு, அதே ஏற்றத்தில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். கையேட்டில் கியர் பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் என்ன ஆயில் எழுதியிருக்கிறது, வண்டி எந்த ஆண்டினது என்று எழுதினால், அந்த இரண்டுக்கும் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று குறிப்பாகச் சொல்கிறேன்.